மூன்றாம் லயத்துப் பதினோரு பேர்

கேமரன் மலைக்கு மேற்குப் பக்கத்திலிருந்து ஏற இரண்டு பாதைகள் உண்டு. ஈப்போ பக்கம், சிம்பாங் பூலாயிலிருந்து போகும் புதிய பாதை அகலமானது, வயிற்றைக் கலக்காது. தாப்பாவிலிருந்து ரிங்லெட் வழியாக ஏறும் பழைய பாதை 1931-இல் திறக்கப்பட்டது. வளைவுக்கு வளைவு மூங்கில், நடுவில் ஓர் அருவி, பிளாஸ்டிக் பையைக் கையில் பிடித்தபடி பின் இருக்கையில் பிள்ளைகள். மலையில் சொந்தக்காரர்கள் உள்ளவர்கள் பெரும்பாலும் இந்தப் பழைய பாதையில்தான் போவார்கள். அண்ணன் மகனை ஏற்றிக்கொண்டு நானும் அதில்தான் போனேன். பையனுக்குப் பதின்மூன்று வயது. ரிங்லெட் வருவதற்குள் இரண்டு முறை வண்டியை நிறுத்தினேன்.

மலைக்குப் போகிறேன் என்றாலே வானொலி நிலையத்தில் என்னோடு வேலை செய்பவர்கள் கேட்பது ஸ்ட்ராபெரியும் பிரிஞ்சாங் இரவுச் சந்தைச் சோளமும்தான். சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்தில், சரிவின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் தேநீர்க் கூடத்தில் நின்று எல்லாரும் படம் எடுத்துக்கொள்வார்கள். பச்சைக் கம்பளம் விரித்தது போல என்று தலைப்பும் போடுவார்கள். அந்தக் கம்பளத்தின் ஓரத்தில் தகரக் கூரை போட்ட நீள வீடுகள் தெரியும். படத்தில் அவை விழாதபடி கைப்பேசியைக் கொஞ்சம் மேலே தூக்குவது வழக்கம். நான் போன இடம் அந்த நீள வீடுகள்தான்.

1885-இல் இந்த மேட்டுநிலத்தைக் கண்டு குறித்துவைத்த நில அளவையாளர் வில்லியம் கேமரனின் பெயர் மலைக்கு வந்தது. 1929-இல் ஜே.ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். காட்டை வெட்டிச் செடி நட்டவர்களில் நம் ஆட்களின் பெயர் எதற்கும் வரவில்லை. இன்று சரிவுகளில் கொழுந்து எடுப்பவர்கள் பெரும்பாலும் வங்காளதேசத்தவரும் நேப்பாளியரும். விரலால் பறித்த காலம் போய்க் கத்தரி வந்தது. கத்தரிக்குப் பிறகு இருவர் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நடக்கும் இயந்திரம் வந்தது. என் அத்தை இந்த மூன்றையும் பார்த்தவர். மாமா தேயிலை ஆலையில் இருந்தார். இருவரும் ஓய்வு பெற்றாயிற்று. ஓய்வு பெற்றால் தோட்டத்து வீட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது நாட்டின் தோட்டங்களில் நெடுங்காலமாக உள்ள வழக்கம். அத்தை மகன், என் மச்சான், தாப்பாவில் ஒரு வீடு வாங்கிவிட்டார். சாமான்களைக் கட்ட ஆள் வேண்டும் என்றார். போனோம்.

சமையலறையை ஒரு காலைப்பொழுதில் முடித்தோம். சாமி மேடையை அத்தையே தனியாகக் கட்டினார், யாரையும் தொடவிடவில்லை. நாங்கள் மாட்டிக்கொண்டது கூடத்து அலமாரியில். டிவிக்குக் கீழே, ஒன்றன் மேல் ஒன்றாக, நான்கு விளையாட்டு இயந்திரங்கள். அடியில் மைக்ரோ ஜீனியஸ். அதற்கு மேல் சாம்பல் நிறத்தில் முதல் பிளேஸ்டேஷன். அதற்கு மேல் கறுப்பாக, தடிமனாக, இரண்டாவது. உச்சியில் பளபளவென்று மூன்றாவது. மண்ணைத் தோண்டினால் அடுக்கடுக்காகக் காலம் தெரியும் என்பார்கள். இந்த வீட்டில் அலமாரியைத் திறந்தாலே போதும்.

மைக்ரோ ஜீனியஸை இப்போது முப்பதைத் தாண்டியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நிண்டெண்டோவின் ஃபேமிகாமைப் பார்த்துச் செய்யப்பட்ட தைவான் நகல். அட்டைப்பெட்டி போன்ற கேசட்டை ஊதி ஊதிச் செருகுவோம். அதில் பெரும்பாலான ஆட்டங்களைச் சேமித்துவைக்க வழி இல்லை. நிறுத்தினால் முதலிலிருந்து. மாமா சிறுவனாக இருந்தபோது லயத்துக்கு ஜெனரேட்டர் மின்சாரம்தானாம். இரவு பத்து மணிக்கு நிறுத்திவிடுவார்களாம். இத்தனைக்கும் ரிங்லெட்டில் அணை கட்டி மலைத் தண்ணீரில் மின்சாரம் எடுக்கும் திட்டம் 1963-இலேயே முடிந்துவிட்டது. “அந்தக் காலத்துல இந்தப் பெட்டி இருந்திருந்தா ஒருத்தனும் ரெண்டாவது கட்டத்தைத் தாண்டியிருக்க மாட்டான்” என்று மாமா சொல்லிச் சிரித்தார்.

சாம்பல் நிறப் பெட்டிக்குப் பின்னால் நல்ல கதை ஒன்று இருக்கிறது. பையனுக்கு அதை வண்டியிலேயே சொல்ல முயன்றேன். அவன் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான். எனவே வாசகர்களுக்குச் சொல்கிறேன். சோனியில் கென் குத்தராகி என்றொரு பொறியாளர். வீட்டில் மகள் ஃபேமிகாம் விளையாடுவதைப் பார்க்கிறார். அதிலிருந்து வரும் கீச்சு ஒலி அவருக்குப் பிடிக்கவில்லை. தன் நிறுவன மேலதிகாரிகளுக்குத் தெரியாமலே நிண்டெண்டோவின் அடுத்த இயந்திரத்துக்கு ஒலிச் சில்லு ஒன்றை வடிவமைத்துக் கொடுக்கிறார். வேறு நிறுவனமாக இருந்தால் அன்றைக்கே வேலை போயிருக்கும். சோனியின் தலைவர் காப்பாற்றுகிறார். அந்த உறவு வளர்ந்து, நிண்டெண்டோ இயந்திரத்தில் குறுவட்டு ஓடச் செய்யும் கூட்டுத் திட்டமாகிறது. 1991-இல் சிக்காகோவில் நடந்த மின்னணுக் கண்காட்சியில் சோனி அதை அறிவிக்கிறது. மறுநாளே நிண்டெண்டோ மேடையேறி, நாங்கள் பிலிப்ஸோடு போகிறோம் என்கிறது. நிச்சயதார்த்தம் முடிந்த மறுநாள் மாப்பிள்ளை வேறு வீட்டில் தாம்பூலம் மாற்றிய கதைதான். அந்த அவமானத்தில் பிறந்ததுதான் பிளேஸ்டேஷன். 1994 டிசம்பர் 3 அன்று ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. பத்து கோடி விற்ற முதல் வீட்டு விளையாட்டு இயந்திரம் அதுதான்.

மச்சான் வீட்டுக்கு அது 1999-இல் வந்தது, தீபாவளி முன்பணத்தில். அதோடு தீப்பெட்டி அளவில் ஒரு மெமரி கார்டும் வந்தது. 128 கிலோபைட். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு படத்தைக்கூட அதில் வைக்க முடியாது. ஆனால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்பதை மூன்றாம் லயத்துக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது அதுதான். பள்ளி விட்டு வந்ததும் டெக்கன் 3; தோற்றவன் எழுந்து அடுத்தவனிடம் கட்டையைக் கொடுக்க வேண்டும். கன்ட்ரோலரை நாங்கள் கட்டை என்றுதான் சொல்வோம். ஏன் என்று கேட்காதீர்கள். நான் கோலாலம்பூரிலிருந்து பள்ளி விடுமுறைக்கு வருபவன். எனக்கு வரிசையில் கடைசி இடம்.

இயந்திரம் சூடானால் வட்டைப் படிக்கத் திணறும். அப்போது அதைத் தலைகீழாகக் கவிழ்த்துவைத்து விளையாடுவது உலகம் முழுக்க நடந்த வைத்தியம். மலையில் சூடு ஒரு தொல்லையே இல்லை, ஈரம்தான் தொல்லை. மழைக்காலத்தில் லென்ஸில் ஆவி படிந்துவிடும். அத்தை அதை அரிசி மூட்டை மேல் வைத்துக் காயவைப்பார்.

வட்டுகள் எங்கிருந்து வந்தன என்பது ஊரறிந்த ரகசியம். இரவுச் சந்தையில் மேசை போட்டு, பிளாஸ்டிக் உறைக்குள் மங்கலான படத்தோடு அடுக்கியிருப்பார்கள். 2000-இல் அரசாங்கம் ஒளியியல் வட்டுச் சட்டத்தையே கொண்டுவரும் அளவுக்கு நம் நாட்டில் அந்த வியாபாரம் செழித்திருந்தது. அதிகாரிகளின் வண்டி தானா ராத்தாவைத் தாண்டுவதற்குள் செய்தி பிரிஞ்சாங்குக்குப் போய், மேசைகள் மடங்கிவிடும் என்று மச்சான் சொல்வார். தோட்டத்துச் சம்பளத்தில் அசல் வட்டு வாங்கிய வீடு எதையும் நான் பார்த்ததில்லை.

இரண்டாவது பிளேஸ்டேஷன்தான் அந்த லயத்தின் பொற்காலம். 2000 மார்ச் 4-இல் ஜப்பானில் வெளிவந்தது. உலகம் முழுக்க 15 கோடிக்கும் மேல் விற்றது. அதை மிஞ்சி விற்ற வீட்டு விளையாட்டு இயந்திரம் அதுவரை எதுவும் இல்லை. அதில் டிவிடி ஓடும் என்பதால் பெரியவர்களின் எதிர்ப்பு பாதி குறைந்தது. எனக்கு மிகவும் பிடித்த விஷயம் வேறு. முதல் பிளேஸ்டேஷனின் மூளையாக இருந்த சில்லை இரண்டாவதற்குள் எடுபிடி வேலைக்கு வைத்தார்கள். பழைய வட்டைப் போட்டால் அந்த முதியவர் எழுந்து வந்து தன் வேலையைத் தானே பார்ப்பார். வயதானவரை வெளியே அனுப்பாமல் ஒரு மூலையில் உட்காரவைத்த வீடு அது.

அந்த இயந்திரத்தில் அவர்கள் விளையாடியது ஒரே ஆட்டம்: வின்னிங் லெவன். கொனாமி நிறுவனத்தின் காற்பந்து. சந்தையில் கிடைத்தது ஜப்பானியப் பதிப்பு. திரை முழுக்க ஜப்பானிய எழுத்து. தமிழ்ப் பள்ளியில் படித்த பையன்கள், தமிழும் மலாயும் ஆங்கிலமும் வாசிப்பார்கள்; ஜப்பானிய மொழியில் ஓர் எழுத்தும் தெரியாது. ஆனால் மூன்றாவது வரி என்றால் கிண்ணப் போட்டி, கீழிருந்து இரண்டாவது என்றால் ஆட்டக்காரர்களைத் திருத்தும் பகுதி என்று இடத்தை வைத்தே மனப்பாடம் செய்துவைத்திருந்தார்கள். வட்டப் பொத்தான் என்றால் சரி, பெருக்கல் குறி என்றால் வேண்டாம். ஜப்பானில் அப்போது அப்படித்தான், மேலை நாட்டுப் பதிப்புகளில் நேர் எதிர்.

அந்தத் திருத்தும் பகுதியில்தான் 2004-இல் மச்சான் ஒரு வேலை செய்தார். அணி ஒன்றை எடுத்து, அதிலிருந்த பெயர்களை அழித்துவிட்டு, மூன்றாம் லயத்துப் பையன்கள் பதினோரு பேரின் பெயர்களை எழுதினார். உயரம், நிறம், முடிவெட்டு எல்லாம் பார்த்துப் பார்த்து அமைத்தார். இடதுகால் ஆட்டக்காரனுக்கு இடதுகால். ஓடத் தெரியாதவனுக்கு வேகத்தில் குறைந்த மதிப்பெண். அதற்காக அவன் இரண்டு நாள் பேசவில்லை. விடுமுறைக்கு வருபவன் என்பதால் நான் மாற்று ஆட்டக்காரர் வரிசையில் இருந்தேன்.

பிறகு லயம் காலியாகத் தொடங்கியது. எஸ்.பி.எம். எழுதி முடித்தவர்கள் ஒவ்வொருவராகக் கீழே இறங்கினார்கள். 2006 நவம்பரில் மூன்றாவது பிளேஸ்டேஷன் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் வந்தபோது விலை அமெரிக்காவில் 599 டாலர் வரை போனது. மச்சான் வாங்குவதற்குப் பல ஆண்டுகள் ஆயின. ஆரம்ப மாதிரிகளில் இரண்டாவதின் சில்லுகளையும் உள்ளே வைத்திருந்தார்கள். செலவைக் குறைக்க அவற்றை எடுத்துவிட்டார்கள். மச்சான் கைக்கு வந்தது பிந்திய மாதிரி. முதல் இயந்திரத்தின் வட்டுகளைப் படித்தது. இரண்டாவதின் வட்டுகளைப் படிக்கவில்லை. தாத்தா பேசுவது புரிந்து, அப்பா பேசுவது புரியாத பிள்ளை. 2013-இல் வந்த நான்காவது, முந்தைய மூன்றில் எதன் வட்டையும் ஏற்கவில்லை. மச்சான் அதை வாங்கவே இல்லை. சேர்ந்து விளையாட ஆள் இல்லை என்றார்.

ஐந்தாவது என் அண்ணன் வீட்டில் இருக்கிறது. 2020 நவம்பரில் வந்த அதில், வட்டு போடும் வாயே இல்லாத பதிப்பு. ஆட்டம் காற்றில் வரும், கணக்கில் நிற்கும். நான்காவதின் ஆட்டங்களில் ஏறக்குறைய எல்லாமே அதில் ஓடும் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அதில் பையன் எனக்கு ஒரு முறை ‘வெண்பா’ விளையாடிக் காட்டினான். டொரொண்டோவில் விசை கேம்ஸ் என்ற சிறு குழு செய்து 2023-இல் வெளியிட்ட ஆட்டம். எண்பதுகளில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்ப் பெண், அம்மா கொடுத்த கிழிந்த சமையல் குறிப்பை வைத்துக்கொண்டு இட்லியும் புட்டும் பிரியாணியும் செய்கிறாள். அழிந்துபோன வரிகளை ஊகித்து, இட்லித் தட்டுகளை எப்படி அடுக்குவது என்று விளையாடுபவர் கண்டுபிடிக்க வேண்டும். மகன் வளர வளர வீட்டில் தமிழ் குறைந்துகொண்டே போகிறது. 2024-இல் அறிமுக ஆட்டத்துக்கான பாஃப்டா விருது அதற்குக் கிடைத்தது. சுடுவதும் குத்துவதும் இல்லாத ஆட்டம் ஒன்றைப் பார்த்து நான் கண் கலங்கினேன். பையன் என்னைக் கொஞ்சம் சந்தேகமாகப் பார்த்தான்.

அலமாரிக்கு வருவோம். எதை எடுத்துப்போவது, எதைப் போட்டுவிடுவது? தாப்பா வீட்டில் இடம் குறைவு. பழைய இரும்புக்காரரிடம் எல்லாவற்றையும் கொடுத்துவிடலாம் என்றார் மாமா. மச்சான் பதில் சொல்லாமல் இரண்டாவது இயந்திரத்திலிருந்து மெமரி கார்டை உருவி உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். 8 மெகாபைட்.

“என்ன இருக்கு அதுல?” என்றான் பையன்.

“எல்லாரும் இருக்காங்க” என்றார் மச்சான்.

சோனி இரண்டாவது பிளேஸ்டேஷனைச் செய்வதை நிறுத்திப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. ஜப்பானில் அதைப் பழுதுபார்க்கும் சேவையும் 2018-இல் முடிந்துவிட்டது. மச்சான் அதைக் கடைசியாக எப்போது போட்டார் என்பது அவருக்கே நினைவில்லை. இணைக்கும் கம்பியும் காணவில்லை. அப்போதுதான் ஒன்று கண்ணில் பட்டது. மூன்றாவதின் பின்னால் செருகியிருந்த சிவப்பு, வெள்ளை, மஞ்சள் தலைக் கம்பி இரண்டாவதிலும் அப்படியே பொருந்தும். மூன்று தலைமுறைக்கும் அதே துளை. நான்காவதில்தான் அதையும் விட்டுவிட்டார்கள். லாரிக்காக வாசலில் இறக்கியிருந்த பழைய டிவியைத் திரும்ப உள்ளே தூக்கினோம். அத்தை தலையில் அடித்துக்கொண்டார்.

இயந்திரம் எழுந்தது. வட்டு இல்லாமலே மெமரி கார்டைத் திறந்து பார்க்கலாம். உள்ளே இருப்பவை சிறு உருவங்களாகச் சுழலும். காற்பந்துக் கோப்பு இருந்தது. ஆனால் பெயர்களைப் பார்க்க வட்டு ஓடியாக வேண்டும். முதல் முறை படிக்கவில்லை. லென்ஸைத் துடைத்துப் போட்டோம், இல்லை. பழைய கார்டுகளைப் படித்து எடுக்கும் சிறிய இணைப்பி ஒன்றை மூன்றாவதுக்காக சோனியே ஒரு காலத்தில் விற்றது என்று பையன் கைப்பேசியில் தேடிச் சொன்னான். மச்சான் காதில் வாங்கவில்லை. இயந்திரத்தைப் பக்கவாட்டில் நிமிர்த்தி நிறுத்தி, மூடியில் இரண்டு தட்டுத் தட்டினார். உள்ளே கரகரவென்று சத்தம். பிறகு ஜப்பானிய எழுத்து.

மச்சானின் விரல் இருபது ஆண்டுக்குப் பிறகும் நிற்காமல் இறங்கியது. கீழிருந்து இரண்டாவது. வட்டம். வட்டம். பதினோரு பெயர்கள், சட்டை முதுகில் ஆங்கில எழுத்தில்.

அத்தைக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. பையன் ஒவ்வொன்றாகப் படித்தான். அத்தை பதில் சொன்னார். கோல் காவலர், ஜொகூர் பாருவில் இருக்கிறார், விடியுமுன் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறார். தற்காப்பில் நின்ற அண்ணன் தம்பி இருவரில் மூத்தவர் கிள்ளான் துறைமுகத்தில் லாரி ஓட்டுகிறார், இளையவர் பினாங்கில் மின்னணு ஆலையில். இடதுகால் ஆட்டக்காரர் தமிழ்ப் பள்ளி ஆசிரியர். வேகக் குறைச்சல்காரர் ஈப்போவில் மோட்டார் பட்டறை வைத்திருக்கிறார். ஒருவர் மட்டும் மலையிலேயே, கம்போங் ராஜாவில் காய்கறி ஏற்றி அனுப்பும் கிடங்கில். இருவர் சிங்கப்பூரில் தங்கிவிட்டார்கள். பத்தாம் எண் மச்சான். ஏழாம் எண்ணைப் படித்ததும் அத்தை எதுவும் சொல்லவில்லை. மச்சான்தான் சொன்னார்: “தாப்பா ரோட்டுல. மோட்டார் சைக்கிள். 2009.” திரையில் அவர் பதினாறு வயதில், தலை நிறைய முடியோடு நின்றார்.

ஒன்பதாம் எண் யாரென்று யாருக்கும் தெரியவில்லை. மச்சானுக்கே நினைவில்லை, எழுதியவர் அவர்தான். மாமா இரண்டு பேரைச் சொல்லிப் பார்த்தார், வயது ஒத்துவரவில்லை. அத்தை பெயரை இன்னொரு முறை படிக்கச் சொன்னார். பிறகு சமையலறைப் பக்கம் போய்விட்டுத் திரும்பி வந்தார்.

“ஆயாக் கொட்டகையில புள்ளைங்கள பாத்துக்கிட்டாங்களே, அவங்க பேரன்டா. அம்மா அப்பா சண்டைன்னு கொண்டாந்து விட்டுட்டாங்க. ஒரு வருஷம்தான் இருந்தான். நம்ம வீட்டுலதான் சாப்புடுவான்.”

“ஆமா” என்றார் மச்சான். “அவன்தான் நெறைய கோல் போடுவான்.”

அவர் இப்போது எங்கே என்று அத்தைக்கும் தெரியவில்லை.

இரண்டாவது இயந்திரமும் கார்டும் சாமி மேடைப் பெட்டிக்குப் பக்கத்தில் போயின. மற்றவை பற்றி இரவு முடிவு செய்யலாம் என்றார்கள். அதற்கு முன் ஓர் ஆட்டம் வேண்டும் என்றான் பையன். மூன்றாம் லயத்தை மச்சான் எடுத்துக்கொண்டார், பையன் பிரேசிலை. வீட்டில் எத்தனையோ காற்பந்து ஆட்டங்களைக் கரைத்துக் குடித்தவன், இங்கே ஒவ்வொரு முறையும் சரி என்று நினைத்துப் பெருக்கல் குறியை அழுத்தி, வந்த பக்கத்துக்கே திரும்பிக்கொண்டிருந்தான். அணியைத் தேர்ந்தெடுக்கவே அவனுக்கு ஐந்து நிமிடம் ஆனது. ஆட்டம் 3-0. மூன்றில் இரண்டு கோலை ஒன்பதாம் எண் போட்டார்.

லாரி காலை ஏழு மணிக்கு வரும் என்று மாமா நினைவுபடுத்தினார். பையன் கட்டையைக் கீழே வைக்கவில்லை.